ஆவணப்படத்தில் ஆவணம் எங்கே? திரையில் தோன்றும் அரசியர் பற்றிச் சில சிந்தனைகள்



நம் நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் 2014ஆம் ஆண்டு முதல் வரலாறு நான்காம் ஆண்டு மாணவர்களுக்குரிய பாடமாகச் சேர்க்கப்பட்டது. ஆயினும் பிள்ளைகள் வரலாற்றைப் பாடநூலின்வழி மட்டும் கற்பதில்லை. தொலைக்காட்சியும் இணையமும் அவர்களுக்கு நம்மைவிட அதிக நேரம் பாடம் நடத்துகின்றன. அவற்றுள் நாம் மிகவும் நம்புவது ஆவணப்படத்தைத்தான். பிள்ளை திரைப்படம் பார்த்தால் கண்டிக்கும் பெற்றோர்கூட, ஆவணப்படம் பார்க்கிறான் என்றால் மகிழ்ச்சி அடைகிறோம். அறிவு வளர்கிறது என்று அமைதி கொள்கிறோம்.

அந்த நம்பிக்கையைப் பற்றியே இக்கட்டுரையில் பேச விரும்புகிறேன். குறிப்பாக, பழங்கால அரசியரின் வாழ்வை இவ்வகைப் படங்கள் எவ்வாறு காட்டுகின்றன என்பதை எகிப்து நாட்டு அரசியர் இருவரை முன்வைத்து ஆராயலாம். ஒருவர் கிளியோபாட்ரா. மற்றவர் அவருக்கு ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் ஆண்ட ஹாட்செப்சுட். உலகத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்ப நாடும் பெயர்கள் இவை.

தொடங்குமுன் ஒரு சொல்லைக் கவனிப்போம். தமிழில் 'ஆவணம்' என்றால் எழுத்துச் சான்று. நிலத்திற்கும் கடனுக்கும் எழுதிவைத்த ஓலை அது. வழக்கு மன்றத்தில் நீட்டினால் செல்லத்தக்கது. இப்படங்களுக்கு ஆவணப்படம் என்று பெயரிட்ட நாம், அதன் மூலம் ஓர் எதிர்பார்ப்பையும் வைத்திருக்கிறோம். ஆகவே, 'ஆவணப்படத்தில் ஆவணம் எங்கே?' என்று கேட்பது நம் உரிமை. இக்கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டே மேலே செல்வோம்.

அரசன் கதையும் அரசி கதையும்

கிளியோபாட்ராவைப் பற்றிய படங்கள் பலவும் ஏறத்தாழ ஒரே வரிசையில் நகர்வதைக் காணலாம். முதலில் இருண்ட அறை, படுக்கை, கூடையில் நெளியும் பாம்பு. பிறகு இளமைக்குத் திரும்பும் கதை. கம்பளத்துக்குள் சுருண்டு சீசரின் முன் வந்து விழும் காட்சி. அடுத்து அந்தோணியுடன் காதல், பொன் வேய்ந்த படகு, விருந்து. பின்பு போரில் தோல்வி. மீண்டும் பாம்பு. இடையிடையே பேராசிரியர் ஒருவர் நூலகத்தில் அமர்ந்து இரண்டு வாக்கியம் பேசுவார். கணினியில் வரைந்த அலெக்சாந்திரியா நகரின்மேல் பறவைபோல் ஒரு முறை பறந்து வருவோம். ஒரு மணி நேரம் முடிந்துவிடும்.

இப்போது யூலியசு சீசரைப் பற்றிய படங்களை எண்ணிப் பாருங்கள். அவர் வாழ்விலும் காதல்கள் இருந்தன, கொலையும் இருந்தது. எனினும் அவரைப் பற்றிய படத்தில் கால் நாட்டுப் போர் வரும், ரூபிக்கான் ஆற்றைக் கடந்தது வரும், கி.மு. 46இல் அவர் நாட்காட்டியைத் திருத்தியது வரும். அந்த நாட்காட்டித் திருத்தத்தில் சீசருக்கு வழிகாட்டியவர் சோசிசெனசு என்னும் அறிஞர் என்றும், அவர் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்தவர் என்றும் கூறுவர். அதாவது கிளியோபாட்ராவின் தலைநகர் அறிஞர்கள் வாழ்ந்த நகரம். ஆனால் அரசியின் படத்தில் அந்த நகரம் பெரும்பாலும் விருந்து நடக்கும் இடமாகவே வந்துபோகும்.

அரசன் என்றால் ஆட்சி, அரசி என்றால் அழகும் காதலும் சாவும் என்ற பிரிவினை இவ்வாறு நுழைகிறது. யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. எதற்கு எத்தனை நிமிடம் ஒதுக்கப்படுகிறது என்பதே அதைச் சொல்லிவிடுகிறது.

பகைவர் எழுதிய வாழ்க்கை

கிளியோபாட்ரா கி.மு. 69இல் பிறந்தவர். மகா அலெக்சாந்தரின் தளபதியான தாலமி என்பவர் நிறுவிய மாசிடோனிய மரபின் கடைசி அரசி. கி.மு. 51இல் தந்தை இறந்தபோது, பதினெட்டு வயதில், தம்மினும் மிக இளைய தம்பியோடு அரியணை ஏறினார். கி.மு. 30இல், முப்பத்தொன்பது வயதில் இறந்தார். இருபத்தோர் ஆண்டுகள் ஆண்டிருக்கிறார். இவற்றுள் சீசரோடும் அந்தோணியோடும் ஒரே இடத்தில் இருந்த காலத்தைக் கழித்தால், பல ஆண்டுகள் எஞ்சும். அந்த ஆண்டுகளில் அவர் என்ன செய்தார் என்பதைப் பெரும்பாலான படங்கள் கேட்பதே இல்லை.

கேட்காததற்கு ஒரு காரணம் உண்டு. அவர் வாழ்வைத் தொடர்கதையாக நமக்குச் சொல்லும் நூல்கள் அவர் நாட்டார் எழுதியவை அல்ல. பாம்புக் காட்சிக்கும் படகுக் காட்சிக்கும் முதன்மையான மூலமாகிய புளூட்டார்க், கிளியோபாட்ரா இறந்து எழுபது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தே பிறந்தார். அவர் எழுத வந்ததும் அந்தோணியின் வாழ்க்கை வரலாற்றைத்தான். அதில் கிளியோபாட்ரா ஒரு பகுதியாக வருகிறார். மற்றொருவரான காசியசு தியோ இரண்டு நூற்றாண்டுகளுக்கும் பின்னர் எழுதியவர். இவர்களுக்கு முன்பே, வெற்றிபெற்ற ஒக்தேவியன் தம் தரப்புக் கதையை ஊரெங்கும் பரப்பியிருந்தார். கி.மு. 32இல் உரோம் போர் அறிவித்தது கிளியோபாட்ராவின் மீதுதான், அந்தோணியின் மீதன்று. உள்நாட்டுப் போரை அயல்நாட்டுப் பெண்ணுக்கு எதிரான போராகக் காட்ட வேண்டியிருந்தது. மயக்குக்காரி என்னும் வேடம் அந்தத் தேவையில் நன்கு வளர்ந்தது.

இதில் வியப்பு என்னவென்றால், புளூட்டார்க்கையே ஊன்றிப் படித்தால் படத்தில் காண்பது ஆட்டம் காண்கிறது. அவர் கம்பளத்தைச் சொல்லவில்லை. படுக்கை விரிப்புகளைக் கட்டிவைக்கும் பையைச் சொல்கிறார். பிற்காலத்தில் அது கம்பளமாக மாறியது. 1866இல் செரோம் என்னும் பிரெஞ்சு ஓவியர் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்திலும் கம்பளமே. இன்றைய படங்கள் நூலை விட்டுவிட்டு ஓவியத்தை நடித்துக் காட்டுகின்றன.

அழகைப் பற்றியும் அவ்வாறே. அவருடைய அழகு ஒப்பற்றது என்று புளூட்டார்க் கூறவில்லை. பேச்சும் குரலும் பழகும் விதமுமே பிறரை ஈர்த்தன என்கிறார். பல மொழிகளை மொழிபெயர்ப்பாளர் இன்றிப் பேசினார் என்றும், அவருக்கு முன்னிருந்த அந்த மரபின் மன்னர்கள் எகிப்திய மொழியைக்கூடக் கற்க முயலவில்லை என்றும் சொல்கிறார். ஏறத்தாழ 250 ஆண்டுகள் ஆண்ட மரபில், குடிமக்களின் மொழியைக் கற்ற முதல் ஆட்சியாளர் ஒரு பெண்! மொழியாசிரியர்களாகிய நமக்கு இது எவ்வளவு பெரிய செய்தி! கிளியோபாட்ராவைப் பற்றி வகுப்பில் பேச ஒரே ஒரு நிமிடம் கிடைத்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

பாம்பு? சாவு நேர்ந்த விதத்தின் உண்மையை எவரும் அறியார் என்று புளூட்டார்க்கே எழுதிவிட்டார். பாம்பு, உள்ளீடற்ற கொண்டை ஊசியில் மறைத்த நஞ்சு என்று பல செய்திகளை அடுக்குகிறார்; அறையில் பாம்பு எதுவும் காணப்படவில்லை என்றும் சேர்க்கிறார். ஒக்தேவியனின் வெற்றி ஊர்வலத்தில் பாம்பு பற்றிய நிலையில் கிளியோபாட்ராவின் உருவம் சுமந்து செல்லப்பட்டது என்பதையும் அவரே குறிப்பிடுகிறார். உரோமத் தெருவில் சென்ற அந்த உருவம்தான் இன்றும் நம் வீட்டுத் திரையில் சென்றுகொண்டிருக்கிறது.

ஓலைகள் சொல்லும் அரசி

அப்படியாயின் உண்மையான ஆவணங்களே இல்லையா? உண்டு. எகிப்தின் வறண்ட மணல் பாப்பிரசு ஏடுகளைக் காத்து வைத்திருக்கிறது. அவற்றில் காதல் இல்லை; கோதுமை இருக்கிறது.

கி.மு. 50இல் வெளியான அரசாணை ஒன்று கிடைத்துள்ளது. மத்திய எகிப்தில் வாங்கும் தானியத்தை அலெக்சாந்திரியாவைத் தவிர வேறெங்கும் கொண்டுசெல்லக் கூடாது, மீறினால் மரண தண்டனை என்று அது விதிக்கிறது. மீறுவோரைக் காட்டிக்கொடுப்பவருக்கு வெகுமதியும் உண்டு. ஆட்சிக்கு வந்த அடுத்த ஆண்டிலேயே உணவுத் தட்டுப்பாடு! தலைநகர் பட்டினி கிடந்தால் கலகம் வெடிக்கும். சிற்றூர்களைப் பட்டினி போட்டால் அடுத்த ஆண்டு விளைச்சல் இல்லை. பத்தொன்பது வயது அரசியின் முன் நின்ற சிக்கல் இது.

கி.மு. 41ஆம் ஆண்டைச் சேர்ந்த மற்றோர் ஆணை, வேளாண்மை செய்துவந்த அலெக்சாந்திரியக் குடிகளிடம் அதிகாரிகள் முறைக்கு மீறி வரி பிடுங்குவதைத் தடுக்கிறது. அதற்கு முந்திய ஆண்டுகளில் நைல் ஆறு போதிய அளவு பெருகவில்லை. கி.மு. 43இல் அலாசுக்காவில் உள்ள ஒக்மோக் எரிமலை வெடித்ததன் விளைவாக உலகின் வடபகுதியில் தட்பவெப்பம் மாறியது என்று 2020இல் வெளியான ஆய்வொன்று துருவப் பனிப்படிவங்களைக் கொண்டு விளக்கியது. வானம் பொய்த்த காலத்தில் ஒருவர் நாட்டை எப்படி நடத்தினார் என்பது, அதே ஆண்டு தார்சசு நகரில் அந்தோணியைச் சந்திக்க அவர் எந்த உடையில் சென்றார் என்பதைவிடச் சுவையான கதையன்றோ?

மூன்றாவது ஓலைதான் என் உள்ளத்தைக் கவர்ந்தது. கி.மு. 33இல் எழுதப்பட்ட அது இப்போது பெர்லினில் இருக்கிறது. பழைய காகிதத்தை நாம் அட்டை போடப் பயன்படுத்துவதுபோல, அந்த ஏட்டையும் பிற்காலத்தில் பிணப்பெட்டி உறை செய்யப் பயன்படுத்தியிருந்தார்கள். உரோமப் பெருமகன் ஒருவருக்கு வழங்கிய வரிச்சலுகை பற்றியது அது. ஆண்டுதோறும் 10,000 அர்த்தபா அளவு கோதுமையை ஏற்றுமதி செய்யவும், 5,000 சாடி திராட்சை மதுவை இறக்குமதி செய்யவும் அவருக்கு வரிவிலக்கு. அடியில் வேறொரு கையெழுத்தில் ஒரே ஒரு கிரேக்கச் சொல். 'அவ்வாறே ஆகுக' என்பது அதன் பொருள். அச்சொல் கிளியோபாட்ராவே தம் கையால் எழுதியதாக இருக்கலாம் என்று 2000ஆம் ஆண்டில் அறிஞர் பீட்டர் வான் மின்னன் விளக்கினார். அவ்வாறாயின், அந்த அரசியின் கையிலிருந்து நமக்குக் கிடைத்த ஒரே எழுத்து, அலுவலகக் கோப்பில் இட்ட ஒப்புதல்! ஒரு பெருமகனைத் தம் பக்கம் வைத்துக்கொள்ள அரசு எவ்வளவு வருவாயை இழக்க அணியமாக இருந்தது என்பதை அந்த ஒரு சொல் காட்டுகிறது.

நாணயங்களும் ஆவணங்களே. கிளியோபாட்ராவின் செப்புக் காசுகளில் 80, 40 என்று மதிப்பைக் குறிக்கும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. பொறித்த மதிப்பே காசின் மதிப்பு என்பது பணத்தைப் பற்றிய தெளிவான ஒரு கொள்கை. நாணயத்தில் உள்ள முகத்திலும் வளைந்த மூக்கும் உறுதியான முகவாயும் தெரிகின்றன. அது திரைநடிகையின் முகமன்று; ஆட்சியாளர் ஒருவரின் முகம்.

நிறம் பற்றிய சண்டை

2023ஆம் ஆண்டு மே மாதத்தில் நெட்பிளிக்ஸ் நிறுவனம் கிளியோபாட்ராவைப் பற்றி நான்கு பகுதிகள் கொண்ட ஆவணத் தொடரை வெளியிட்டது. நடிகை ஜாடா பிங்கெட் சுமித் தயாரித்துக் கதைசொல்லியாகவும் இருந்தார். கலப்பினப் பின்னணி கொண்ட அடேல் ஜேம்சு என்பவர் அரசியாக நடித்தார். முன்னோட்டம் வெளியான உடனேயே எகிப்தில் எதிர்ப்பு கிளம்பியது. வழக்கறிஞர் ஒருவர் முறையீடு செய்தார். எகிப்தின் சுற்றுலா, தொல்பொருள் அமைச்சு கிளியோபாட்ரா வெளிர்நிறமும் கிரேக்க முகச்சாயலும் உடையவர் என்று அறிக்கை விடுத்தது.

இருதரப்புக்கும் சொந்த நியாயங்கள் இருந்தன. வரலாற்றில் தம் இனத்தாரின் முகத்தைக் காணாமல் வளர்ந்தவர்கள் ஓர் அரசியைத் தேடியது புரிந்துகொள்ளக் கூடியதே. தம் நாட்டு வரலாற்றை அயலார் விருப்பம்போல் வரைகிறார்கள் என்று எகிப்தியர் வருந்தியதும் புரிகிறது. சான்றுகள் சொல்வது இவ்வளவே: தந்தைவழி மாசிடோனியக் கிரேக்க மரபு என்பது உறுதி, தாய் யார் என்பது உறுதியாகப் பதிவாகவில்லை.

ஆனால் என்ன நடந்தது பாருங்கள். நாளிதழ்களும் இணையமும் அரசியின் தோலைப் பற்றியே வாரக்கணக்கில் பேசின. அவர் ஆண்ட இருபத்தோர் ஆண்டுகள் அந்த இரைச்சலில் காணாமற்போயின. முன்பு அழகு என்ற பெயரில் அவர் உடலைப் பேசினார்கள். இப்போது நிறம் என்ற பெயரில் அதையே பேசினார்கள். சீசருடைய நிறத்தைப் பற்றி எவரேனும் வழக்குத் தொடுப்பாரா?

தங்கையின் மண்டையோடு

இதனினும் பாடம் நிறைந்த மற்றொரு நிகழ்ச்சி உண்டு. கிளியோபாட்ராவுக்கு அர்சினோயி என்னும் தங்கை இருந்தார். அரியணைப் போட்டியில் தோற்று, இன்றைய துருக்கியில் உள்ள எபெசசு நகரில் அடைக்கலம் புகுந்த அவர், கி.மு. 41இல் அந்தோணியின் ஆணையால் கொல்லப்பட்டார். அதைத் தூண்டியவர் கிளியோபாட்ரா என்பது பழைய செய்தி.

எபெசசில் எண்கோண வடிவில் ஒரு கல்லறை உள்ளது. 1929இல் அதனுள்ளிருந்து ஒரு மண்டையோடு எடுக்கப்பட்டது. அலெக்சாந்திரியக் கலங்கரை விளக்கத்திலும் எண்கோண அடுக்கு இருந்ததால், இது அர்சினோயியின் கல்லறையாக இருக்கலாம் என்ற கருத்து 1990களில் எழுந்தது. 2009இல் பிபிசி ஓர் ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. அதன் தலைப்பிலேயே கிளியோபாட்ரா கொலையாளி என்று முத்திரை குத்தப்பட்டிருந்தது. மண்டையோடு அப்போது காணாமற்போயிருந்ததால், பழைய அளவுக் குறிப்புகளைக் கொண்டு கணினியில் அர்சினோயியின் முகத்தை உருவாக்கிக் காட்டினார்கள். அதிலிருந்து தாயின் இனத்தைப் பற்றியும், அதிலிருந்து கிளியோபாட்ராவின் இனத்தைப் பற்றியும் முடிவுகள் புறப்பட்டன. 2023இல் எழுந்த விவாதத்திலும் இந்தக் கருத்து எடுத்தாளப்பட்டது.

பின்னர் அந்த மண்டையோடு வியன்னாவில் மீண்டும் கிடைத்தது. வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரபணுச் சோதனையும் காலக்கணிப்பும் செய்து 2025ஆம் ஆண்டு சனவரியில் முடிவை வெளியிட்டார்கள். அது இளவரசியின் தலையன்று! பதினொன்று முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட, வளர்ச்சிக் குறைபாடு கொண்ட ஒரு சிறுவனின் தலை. அவனுடைய முன்னோர் இத்தாலி அல்லது சார்தீனியப் பகுதியைச் சேர்ந்தவராக இருக்கலாம் என்றும் ஆய்வு கூறியது.

பதினாறு ஆண்டுகள்! அதற்குள் எத்தனை வீடுகளில், எத்தனை வகுப்பறைகளில் அந்தக் கணினி முகம் உண்மையாகிவிட்டிருக்கும்? தவறு இசையோடும் வண்ணத்தோடும் வந்தது. திருத்தமோ ஆய்விதழ்க் கட்டுரையாகவும் சில நாள் செய்தியாகவும் வந்தது. 'இருக்கலாம்' என்று ஆய்வாளர் சொன்ன சொல், இயக்குநர் கையில் 'ஆம்' என்று மாறும்போது ஏற்படும் சேதம் இதுதான்.

மாற்றாந்தாய் ஆக்கப்பட்ட மன்னர்

இனி ஹாட்செப்சுட்டிடம் வருவோம். கி.மு. 1479 முதல் 1458 வரை அவர் எகிப்தை ஆண்டார் என்பது பொதுவான கணிப்பு. கணவர் இரண்டாம் துத்மோசு இறந்தபோது, வேறு மனைவியின் மகனாகிய மூன்றாம் துத்மோசு சிறு குழந்தை. அவனுக்காக ஆட்சிப் பொறுப்பேற்ற ஹாட்செப்சுட், சில ஆண்டுகளில் தாமே பார்வோன் என்று முடிசூடிக்கொண்டார். மன்னருக்குரிய ஒட்டுத்தாடியோடு சிலைகளில் காட்சியளித்தார். பண்ட் என்னும் தொலைநாட்டுக்குக் கப்பல் அனுப்பி, நறும்பிசின் தரும் மரங்களை வேரோடு கொண்டுவரச் செய்தார். டெயிர் எல்-பகாரி கோயிற் சுவர்களில் அந்தப் பயணம் முழுவதும் செதுக்கப்பட்டிருக்கிறது. கர்நாக்கில் அவர் நிறுவிய ஒற்றைக்கல் தூண் இன்றும் நிமிர்ந்து நிற்கிறது.

அவர் இறந்தபின் பெயரும் உருவமும் பல இடங்களில் அழிக்கப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த அறிஞர் சிலர் இதை நமக்கெல்லாம் தெரிந்த கதையாக்கினார்கள்: பேராசை பிடித்த மாற்றாந்தாய் அரியணையைப் பறித்தாள், வளர்ந்த மகன் பழிவாங்கினான். தொலைக்காட்சிக்கு இதைவிட ஏற்ற கதை வேண்டுமா?

ஆனால் அந்த அழிப்புப் பணி, ஹாட்செப்சுட் இறந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரே தொடங்கியது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. சினத்தால் செய்பவர் இருபது ஆண்டுகள் காத்திருப்பாரா? தம் மகனுக்கு அரியணையை உறுதிசெய்யும் அரசியல் கணக்கு அது என்று பலர் கருதுகிறார்கள். 2025இல் தொராந்தோ பல்கலைக்கழக ஆய்வாளர் சுன் யி வோங், 1920களில் அகழ்ந்தெடுத்த சிலைத் துண்டுகளின் பழைய பதிவேடுகளை ஆராய்ந்தார். சிலைகள் பல கழுத்து, இடுப்பு, முழங்கால் ஆகிய இடங்களில் முறையாக உடைக்கப்பட்டிருப்பதைக் கண்டார். சிலைகளின் ஆற்றலை நீக்கும் சடங்காக ஆண் மன்னர்களின் சிலைகளுக்கும் அவ்வாறு செய்வது வழக்கமே. வெறுப்பின் அடையாளம் என்று திரையில் காட்டப்பட்ட உடைப்புகளில் பெரும்பகுதி வழக்கமான சடங்காக இருந்திருக்கிறது.

2007இல் டிஸ்கவரி தொலைக்காட்சி ஹாட்செப்சுட்டின் உடல் கண்டுபிடிக்கப்பட்டதாக ஒரு படம் வெளியிட்டது. அவர் பெயர் பொறித்த பெட்டியில் இருந்த ஒரு பல், பெயர் தெரியாத ஒரு பெண்ணுடலின் தாடையில் பொருந்துகிறது என்பதே அடிப்படை. எல்லா அறிஞரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. எனினும், பருத்த உடல், கெட்டுப்போன பற்கள், நோய்கள் என்று அந்த உடலைப் பற்றிய செய்திகள் உலகெங்கும் பரவின. இருபதாண்டு ஆண்ட மன்னரைப் பற்றிக் கேட்டால், அவர் பருமனாக இருந்தார் என்று பதில் வரும் நிலை எவ்வளவு வருந்தத்தக்கது!

நல்ல முயற்சிகளும் உண்டு

ஆவணப்படங்களே வேண்டா என்று நான் கூறவில்லை. பாடநூலின் ஒரு பத்தியால் ஊட்ட முடியாத ஆர்வத்தை ஒரு படம் ஊட்டிவிடும். டெயிர் எல்-பகாரி கோயிலை நம் மாணவர்கள் வேறு எப்படிக் காண்பார்கள்?

அன்றியும், சான்றைக் கதைக்குள் மறைக்காமல் சான்றையே கதையாக்கிய படங்களும் உள்ளன. எகிப்தைவிட்டு இங்கிலாந்துக்குச் சென்றால், 2012இல் வரலாற்றாசிரியர் எலன் காசுட்டர் பிபிசிக்காக வழங்கிய மூன்று பகுதித் தொடரைக் குறிப்பிடலாம். இங்கிலாந்தின் தொடக்கக்கால அரசியரைப் பற்றியது அது. அத்தகைய பெண்களைப் 'பெண் ஓநாய்கள்' என்று பழித்த சொல்லையே தலைப்பாக்கி, அந்தப் பழி எங்கிருந்து வந்தது என்று அவர் ஆராய்ந்தார். எடுத்துக்காட்டாக, கி.பி. 1141இல் அரியணையை நெருங்கியும் முடிசூட முடியாமற்போன மெட்டில்டாவை அக்காலக் குறிப்பாளர்கள் செருக்குடையவர் என்றார்கள். ஒரு மன்னன் அதே உறுதியைக் காட்டியிருந்தால் அதற்கு என்ன பெயர் சூட்டியிருப்பார்கள் என்ற கேள்வி உடனே எழுகிறது. இத்தகைய கேள்வி இருந்தால் படம் பார்ப்பதும் வரலாற்றுப் பயிற்சியாகிவிடும்.

வகுப்பிலும் வீட்டிலும் என்ன செய்யலாம்?

இது பெண்பிள்ளைகளுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. ஆளும் பெண்ணைப் பற்றிக் கேட்டவுடன் அவள் அழகியா, யாரைக் காதலித்தாள், எப்படிச் செத்தாள் என்று நினைக்கப் பழகிய பையன், நாளை ஒரு பெண் தலைமையாசிரியரையோ அமைச்சரையோ எந்தக் கண்ணோடு பார்ப்பான்? பல தலைமுறைகளுக்கு முன் நடந்தது, இப்படி நம் பிள்ளையின் மனத்துக்குள் இன்று நடக்கிறது.

பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்கும்போது கீழ்க்காணும் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

முதலாவது: இதைச் சொன்னவர் யார்? அவர் எப்போது வாழ்ந்தார்? அரசியின் பக்கமா, பகைவர் பக்கமா?

இரண்டாவது: இப்போது திரையில் தெரிவது ஆவணமா, நடிப்பா, கணினிப் படமா? ஓலை, கல்வெட்டு, நாணயம், எலும்பு ஆகியவை தெரியும்போது கையை உயர்த்தச் சொல்லலாம். ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை கை உயர்ந்தது என்று எண்ணினாலே படத்தின் தரம் புரிந்துவிடும்.

மூன்றாவது: அறிஞர் 'இருக்கலாம்' என்றாரா, 'ஆம்' என்றாரா? பின்னணிக் குரல் அதை எப்படிச் சொன்னது?

நான்காவது: இதே வாழ்க்கை ஓர் அரசனுடையதாக இருந்தால் எதைக் காட்டியிருப்பார்கள்? எதை விட்டிருப்பார்கள்?

ஐந்தாவது: படம் வெளிவந்த ஆண்டு எது? அதன்பின் புதிய ஆய்வு ஏதேனும் வந்துள்ளதா?

இவற்றுக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. நான் பயன்படுத்தும் எளிய பயிற்சி ஒன்றையும் சொல்கிறேன். கிளியோபாட்ராவின் மூன்று ஓலைகளின் செய்தியையும் தாளில் எழுதி, பெயரை மறைத்து மாணவர்களிடம் கொடுப்பேன். 'இவற்றை வெளியிட்டவர் எப்படிப்பட்டவர்?' என்று எழுதச் சொல்வேன். கண்டிப்பானவர், கணக்குத் தெரிந்தவர், மக்களைப் பற்றிக் கவலைப்படுபவர், தந்திரமானவர் என்றெல்லாம் எழுதுவார்கள். பிறகு பெயரைச் சொல்வேன். ஐந்தாம் ஆண்டு மாணவிகூட 'ஆசிரியர், பிறகு ஏன் எல்லாரும் பாம்பைப் பற்றியே பேசுகிறார்கள்?' என்று கேட்டுவிடுவாள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் அன்றைய பாடம் வெற்றியே.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். கண்ணுக்கும் காதுக்கும் ஒருசேர விருந்து வைக்கும் தொலைக்காட்சியின் முன் அமரும் பிள்ளைக்கு, அந்த விசாரணையைக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் இருக்கிறது. அடுத்த முறை பாம்புக் கூடை திரையில் தோன்றும்போது, பெர்லினில் இருக்கும் அந்த ஓலையையும், அதன் அடியில் உள்ள ஒற்றைச் சொல்லையும் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.